ஃபிரிட்ஜ் கதவில் நாற்பத்தேழு வரி

பத்திரிகை டெஸ்க்கில் பதினாறு ஆண்டுகள் உட்கார்ந்தவளுக்கு ஒரு வீட்டின் காலை நேரத்தை ஒரே தாளில் அடக்குவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. பன்னிரண்டு பக்கச் செய்தித்தாளுக்கு எந்தச் செய்தி எங்கே, யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று தினமும் திட்டம் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பேர்தான். விளம்பரம் வேறு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மகனின் சார்ட் பேப்பர் ஒன்றை எடுத்து, கோடு போட்டு, என்னைத் தவிர மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்கினேன். காலை ஐந்தே முக்கால் முதல் எட்டரை வரை, ஐந்து ஐந்து நிமிடமாக. பால் பாக்கெட் எடுப்பதிலிருந்து கேஸ் மூடுவதுவரை நாற்பத்தேழு வரிகள் வந்தன. எழுத்துப் பிழை பார்த்துவிட்டு, அரிசி மூட்டையோடு இலவசமாக வந்த காந்தங்களை வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது பக்கம் நன்றாகவே வந்திருந்தது.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு ஷிஃப்ட்டுக்காக. நான்கு ஆண்டுகளாக எனக்கு மாலை ஷிஃப்ட். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது கிளம்புவேன், அவர்கள் தூங்கியபிறகு திரும்புவேன். பையன் ஒன்பதாம் வகுப்பு, பெண் மூன்றாம் வகுப்பு. அவர்களை நான் பார்ப்பது பெரும்பாலும் காலையில், ஒரு கையில் சீப்பும் மறு கையில் டிபன் பாக்ஸுமாக. பள்ளி விட்டு வரும் முகம் என்று ஒன்று உண்டு. அதை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க முடியாது.

அந்த நேரத்தில் காலை டெஸ்க்கில் ஓர் இடம் காலியானது. ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிக்கு எழுந்துவிடலாம். அண்ணா சாலையிலிருந்து அயனம்பாக்கம் வந்து சேர மூன்றரை. பள்ளி வேன் வருவது மூன்றே முக்காலுக்கு. இந்தக் கணக்கை நான் மனத்துக்குள் பலமுறை போட்டுப் பார்த்திருந்தேன். செய்திப் பிரிவுத் தலைவரிடம் கேட்டபோது அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, ஐந்து நாள் பார்க்கலாம் என்றார். தாமதம் கூடாது, கவனம் சிதறக்கூடாது. பொருந்தி வந்தால் இடம் எனக்கு. இல்லையென்றால் எனக்குப் பின்னால் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழகும் வாரம் என்பதால் அந்த ஐந்து நாளும் மாலை ஐந்துவரை இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது ஐந்து நாற்பதுக்கு. அம்பத்தூர் ஸ்டேஷனில் ஸ்கூட்டரை நிறுத்தி மின்சார ரயில் பிடிக்க வேண்டும். ஆகவே நாற்பத்தேழு வரிகளில் என் பெயர் எங்குமே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

தாளை ஒட்டி முடித்த ஒரு மணி நேரத்தில் வாசல் கதவின் கைப்பிடியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் மோட்டார் அறைச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் அடுக்குமாடியில் எட்டு வீடுகள். கீழ்த் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குத் தானாக நிற்கும் கருவி ஒன்று வைத்தோம், எரிந்துபோனது. இரண்டாவது ஒன்று வைத்தோம், அதுவும் எரிந்துபோனது. மூன்றாவது வாங்குவது பற்றிய கூட்டம் கூச்சலில் முடிந்த பிறகு, வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டோம். முறை முடிந்தவர் ஞாயிறு மாலை அடுத்த வீட்டுக் கதவில் சாவியை மாட்டிவிட்டு, மணியடிக்காமல் போய்விடுவார். மணியடித்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் வாரம் மாற்றிக்கொள்ளக் கேட்பார்கள் என்று பயம்.

சரியாக என்னுடைய ஐந்து நாளில் எங்கள் முறை. எதிர் வீட்டில் விசாரித்தேன். தொட்டி நிறைய முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். கணவரின் பத்தியில் இரண்டு வரிகளை அடித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன். '5.45 மோட்டார் ஆன். 6.20 மோட்டார் ஆஃப்.'

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். மற்றவர்கள் எழுதிக்கொடுத்ததை எழுதியபடியே செய்து பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். எழுதியதற்கு மேல் யோசிப்பது தொழில் தர்மம் ஆகாது. பிழை இருந்தால் அது எழுதியவரின் பிழை.

திங்கட்கிழமை என் ரயில் கொரட்டூரைத் தாண்டும்போது போன் வந்தது. முதலில் கேட்டது கணவரின் குரல் அல்ல, அருவிச் சத்தம். அதற்குப் பின்னால் எங்கள் தரைத்தளத்து வீட்டுக்காரரான பெண்மணியின் குரல்.

மேல் மாடியில் இரண்டு குடும்பங்கள் ஊருக்குப் போயிருந்தன. தொட்டி ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. ஆறு மணிக்கே வழிய ஆரம்பித்துவிட்டது. வழியும் குழாய், கட்டடம் கட்டியவரின் கைங்கரியத்தால், கேட்டுக்கு நேர் மேலே முடிகிறது. கீழே தரைத்தளத்து வீட்டுக்காரர் அப்போதுதான் கோலத்தைப் பாதி போட்டிருந்தார். என் கணவர் மோட்டார் அறை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு இருபது ஆகவில்லை.

"ஷீட்ல ஆறு இருபதுன்னு போட்டிருக்கே" என்று அவர் என்னிடம் போனில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"பேப்பர்ல போட்டுகீதுன்னு தண்ணிகிட்ட சொல்லு சார், நிக்குதா பாப்போம்."

நிறுத்துங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் அவர் நிறுத்தினார். எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை, தாளின் அடியில் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு, மோட்டார் நேரம் தோராயமானது, குழாயைக் கவனிக்கவும் என்று சேர்த்துவிட்டுப் போனேன். கோலம் தப்பியது. அன்றைக்குப் பிரச்சினை போன்.

ஆறரை மணிக்குத் தொடங்கியது. ஏழே கால்வரை பதினோரு அழைப்புகள். தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா? இஞ்சி எங்கே? கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டாச்சா? குக்கர் எத்தனை விசில்? பதினொன்றில் ஒன்பது கேள்விகளுக்கான பதில் ஃபிரிட்ஜ் கதவில், அவர்கள் மூக்குக்கு ஓர் அடி தூரத்தில் இருந்தது. ஏழு மணிக்கு நான் வானிலைச் செய்திக்குத் தலைப்பு அடித்துக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், போனுக்குள் மகள். இன்றைக்கு வெள்ளை சாக்ஸா, நீல சாக்ஸா என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். வாயில் வந்ததே கையிலும் வந்துவிட்டது.

செய்திப் பிரிவுத் தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையை வாசித்தார். 'மேற்கு மாவட்டங்களில் இன்று வெள்ளை சாக்ஸ் பெய்ய வாய்ப்பு.'

இன்னும் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் அது இணையதளத்தில் ஏறியிருக்கும். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நீலம் இல்லைன்னு வீட்ல முடிவாயிடுச்சா?"

நான் திருத்தினேன். அவர் காத்திருந்து, திருத்தியதையும் வாசித்துவிட்டுச் சொன்னார்.

"நாளைலேர்ந்து போன் லாக்கர்ல இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுவும் சரிப்படலன்னா மாலை ஷிஃப்ட்டே உங்களுக்கு நல்லது."

அன்று மாலை நேராகத் தரைத்தளத்துக்குப் போனேன். திங்கட்கிழமைக் கோலத்துக்கு மன்னிப்புக் கேட்கவும், ஒரு கிலோ இட்லி மாவு வாங்கவும். எங்கள் கட்டடம் நிற்பது அவருடைய மாமனாரின் பழைய நெல் வயலில். கட்டியவர் நிலத்துக்கு ஈடாகக் கொடுத்த தரைத்தள வீட்டின் முன்னறையில் இரண்டு கிரைண்டர் வைத்து மாவு விற்கிறார். நெல்லைவிட மாவு மேல் என்பது அவர் கட்சி. பூச்சி விழாது. என்னைவிட இரண்டு வயது இளையவர், என் மகன் வயதில் அவருக்கு இரட்டையர் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக என் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகு, அப்பா வரும்வரை இருப்பது அந்த வீட்டில்தான்.

"உன் ஊட்டுக்காரு மணிய பாத்துகினு நிக்கிறாரு, என் தல மேல ஊத்துது. குழாய பாக்க வாணாமாக்கா?"

கோபம் மிச்சமில்லை. திங்கட்கிழமை முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லியே மாவு விற்றிருக்கிறார் என்று தெரிந்தது. அவர் வீட்டில் காலை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். ஒரு பேட்டி எடுப்பவளின் ஆர்வம்தான்.

"இங்க ஏது பேப்பரு. கத்துனா நடக்கும், கத்தாட்டி நடக்காது."

"நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு?"

"பக்கத்து ஊட்டுக்காரி கத்துவா."

எடுத்துக்கொள்ளக்கூடிய முறை அல்ல. எனக்குக் குரல் போதாது, அண்ணா சாலையிலிருந்து கேட்கவும் கேட்காது.

மாவுப் பாத்திரத்தோடு மாடியேறி, சாப்பிட்டு முடித்ததும் மூவரையும் மேசையிலேயே உட்கார வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சாக்ஸ் மழையைக் கேட்டு மகள் மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்ன ஆகும் என்றதும் நிறுத்தினாள். எல்லாம் எழுதித்தானே ஒட்டியிருக்கிறேன், அப்புறம் ஏன் போன் என்று கேட்டேன். மகன் நியாயமாகவே பதில் சொன்னான்.

"அதுல நாப்பத்தேழு வரி இருக்கும்மா. தேடறதுக்குள்ள உனக்குப் போன் பண்ணிடலாம்."

கணவர் அதை ஆமோதித்தார். ஆவணம் பயன்பாட்டுக்கு உகந்ததாக இல்லை என்பது அவர் கருத்து. அவற்றில் நாற்பத்தைந்து வரிகளில் எழுதியதைச் செய்தால் நஷ்டமில்லை, இரண்டு வரிகளில் செய்தால் கோலம் போகும், எது எது என்று தாளில் குறிப்பு இல்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு என் தொழில் நினைவு வந்தது. பக்கத் திட்டம் போடுவது என் வேலையில் சிறு பகுதி. மீதி நேரமெல்லாம் நான் செய்வது வெட்டுவது. அறுநூறு சொல்லில் வரும் செய்தியை நூறாக்கினால் எழுதிய நிருபருக்கு உயிர் போகும், வாசகருக்குப் புரியும். இந்தத் தாளில் நான் நிருபராக மட்டுமே இருந்திருக்கிறேன். இன்னொன்றும் பிடிபட்டது. அலுவலகத்தில் விளையாட்டுப் பக்கம் ஒருவருடையது என்றால் அது அவருடையது. அங்கே எந்தப் படம் போகலாம் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. வீட்டுத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒருவர் பெயர் இருந்தது, முடிவு மட்டும் என்னிடம் இருந்தது. எந்தச் சட்னி என்பதைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். நான்கு வரிகள் மிஞ்சின.

அப்பா: சாப்பாடு. மகன்: இரண்டு பேரின் உடை, பை, ஷூ, வேன். மகள்: மோட்டார். அம்மா: ஆபீஸ்.

மோட்டாரை மகளே கேட்டு வாங்கினாள். அவளுக்கு அந்தச் சிவப்புப் பொத்தான்மீது வெகு நாளாகக் கண். பச்சையை அப்பா அழுத்துவார், சிவப்பு அவளுடையது என்று தீர்மானமாயிற்று. அவசரம் என்றால் அலுவலகத் தரைவழி எண்ணுக்குக் கூப்பிடலாம் என்று கணவரிடம் எழுதிக்கொடுத்தேன். எது அவசரம் என்று அவர் விளக்கம் கேட்டார். சாக்ஸ் அவசரம் அல்ல என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை ஏழு மணிக்குப் போனை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பின் ஒரு மணி நேரம், கை நான்கைந்து முறை தானாகவே மேசையைத் தடவியது. வீட்டில் என்ன நடந்தது என்பது மாலை ஆறரை மணிக்குத்தான் தெரிந்தது. இருவரும் விளையாட்டுச் சீருடையில் போயிருக்கிறார்கள். விளையாட்டுச் சீருடை வியாழக்கிழமைக்கு உரியது. இரண்டு டைரிகளிலும் வகுப்பாசிரியர்களின் குறிப்பு. மகன் அதைப் பற்றி ஒரே வரியில் பேசினான், வியாழன் என்று தெரியும், இனி மறக்காது என்று. கணவர் செய்தது எலுமிச்சை சாதம். வியாழனும் எலுமிச்சை சாதம். வியாழன் மாலை நான் அதைப் பற்றி வாயைத் திறந்தேன். மகள் ஃபிரிட்ஜைக் காட்டினாள். சாப்பாடு அப்பாவுடைய வரி. வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுகூட வழியவில்லை. மகள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பால் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போய், மோட்டார் அறை வாசல் படியில் உட்கார்ந்து, கோலம் போடும் தரைத்தளத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பாள். குழாயில் முதல் சொட்டுத் தெரிந்ததும் அவர் கத்துவார், இவள் அழுத்துவாள். குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவரைவிட அக்கறையாகக் குழாயைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. எனக்கு இது தோன்றவில்லை. எதிர் வீட்டில் நிமிடக் கணக்கு விசாரித்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது பற்றி மூன்று தரப்பு வாக்குமூலங்கள் கிடைத்தன. மூன்றும் ஒத்துப்போகாத இடங்களை விட்டுவிட்டு, உறுதியான தகவல்களை மட்டும் தருகிறேன்.

பூந்தமல்லி சாலையில் ஏதோ பள்ளம் தோண்டி வழியை மாற்றியிருந்தார்கள். அதனால் வேன் எங்கள் தெருவுக்கு முதலில் வந்து, வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாக ஹாரன் அடித்தது. இரண்டாவது ஹாரனுக்குப் பிறகு அது நிற்பதில்லை என்பது அந்தத் தெருவே அறிந்த விஷயம். அன்று காலை மின்வெட்டால் மோட்டாரைத் தாமதமாகப் போட்டிருந்ததால் மகள் சீருடையோடு மோட்டார் அறை வாசலில் இருந்தாள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கணவர் மாடியில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். மகன் இரண்டு பைகளோடு இறங்கி வந்து, வேனின் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினான். கட்டியிருந்த கயிறு அது. அவிழ்த்துவிட்டுக் கட்டினான். டிரைவர் சத்தம் போட்டார். பையன் படியிலிருந்து காலை எடுக்காமல், வெகு பொறுமையாக அடுத்த முடிச்சைப் போட்டான்.

மகள் தரைத்தளத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்து வந்து சிவப்புப் பொத்தானைக் காட்டி, அதுவரை யாருக்கும் தராத உரிமையைத் தந்தாள். ஆனால் போகும்போது நிபந்தனை விதித்தாளாம்.

"இன்னிக்கு மட்டுந்தான் ஆன்ட்டி. நாளைக்கு நான்தான்."

"நாளைக்கு சனிக்கிழம, நீ தூங்கிகினு இருப்ப. போடி, வண்டி போவுது."

கணவர் டிபன் பாக்ஸ்களோடு இறங்கி ஓடி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மூடி ஒன்று மாறிப்போயிருந்தது. யாரும் யாரையும் போனில் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் நான் தக்காளி வரத்து பற்றிய செய்தியை எண்பது சொல்லுக்குக் குறைத்துக்கொண்டிருந்தேன். அதில் தக்காளி மட்டுமே இருந்தது.

மாலை கிளம்பும்போது செய்திப் பிரிவுத் தலைவர், திங்கட்கிழமையிலிருந்து இரண்டு மணிக்கே போகலாம் என்றார். வாழ்த்தோ வேறெதுவோ சொல்லவில்லை. அவரும் வெட்டுகிறவர்தான்.

திங்கட்கிழமை மூன்று இருபத்தைந்துக்கே வீட்டில் இருந்தேன். வரும் வழியில் திருவேற்காடு சாலையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கியிருந்தேன். முகம் கழுவி, தட்டை எடுத்து வைத்து, முதல் மாடி பால்கனியில் போய் நின்றேன். மூன்றே முக்காலுக்கு வேன் வந்தது. மகள் இறங்கினாள், மகன் இறங்கினான். வேனின் கதவு சாத்தும்வரை எனக்கு இருவரின் முகமும் தெரிந்தது. நினைத்திருந்ததைவிட அழுக்காக இருந்தது. அண்ணாந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். இருவரும் பைகளை ஆட்டிக்கொண்டு நேராகத் தரைத்தளத்து வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான்கு ஆண்டுகளாக அந்த நேரத்துக்கு அவர்கள் போகும் இடம் அது. இன்றைக்கு அம்மா இருப்பாள் என்று சொல்லியிருந்தேன். அது அவர்கள் காலுக்கு இன்னும் எட்டவில்லை.

பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு நான் கீழே போனேன்.

முன்னறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாயில் நான்கு பிள்ளைகள், நடுவில் ஒரு முறம் நிறைய வேர்க்கடலை. ஒருவன் சொன்ன எதற்கோ மற்ற மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள். பள்ளி ஆய்வாளர் வந்த வகுப்பறை மாதிரி இருந்தது. நான் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், இன்றைக்கு வீட்டுப்பாடம் என்ன என்று.

தரைத்தளத்து வீட்டுக்காரர் கிரைண்டரிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"அதெல்லாம் அஞ்சு மணிக்கு மேலக்கா. இப்ப யாரும் கேக்க மாட்டோம். குந்து."

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தட்டை வாங்கி முறத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, அண்ணனை முழங்கையால் இடித்தாள்.

"தள்ளுடா. அம்மாக்கு எடம் இல்ல பாரு."

அவன் அரை அடி நகர்ந்தான். நான் உட்கார்ந்தேன். அவள் என் மடியில் ஒரு கை கடலையைப் போட்டு, உரித்ததை இந்தப் பக்கம், தோலை அந்தப் பக்கம் போட வேண்டும் என்று காட்டிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, சிரிப்பை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.